வசந்தத்தில் ஜப்பான்: பல நகரப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் கடைசி வாரத்துக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் டோக்கியோ, கனசாவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா ஆகிய நகரங்களை ஏறத்தாழப் பன்னிரண்டு நாள்களில் சுற்றிவர நினைக்கும் முதல்முறைப் பயணிகளை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கட்டணங்கள் அனைத்தும் யென்னில், தோராயமாகத் தரப்பட்டுள்ளன. பதிவு செய்யும் நாளில் அவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சகுரா எனப்படும் செர்ரி மலர்கள் சரியாக எந்தத் தேதியில் பூக்கும்?

அப்படி நாள் குறித்துச் சொல்ல முடியாது. டோக்கியோவில் 2023ஆம் ஆண்டு மார்ச் 14 அன்றே முதல் பூப்பு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டிலோ அது மார்ச் 29 வரை தள்ளிப்போனது. கியோட்டோவில் 2021இல் மார்ச் 26 அன்று மரங்கள் முழுமையாகப் பூத்து நின்றன. அதுவரை கிடைத்திருந்த ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளில் அவ்வளவு முன்னதாகப் பூத்ததற்குச் சான்று இல்லை. பொதுவாகச் சொன்னால், டோக்கியோவிலும் கியூஷு தீவிலும் மார்ச் கடைசி வாரம், கியோட்டோவிலும் ஒசாகாவிலும் மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம், கனசாவாவில் ஏப்ரல் முதல் வாரம், வடக்கே செண்டாயில் ஏப்ரல் இரண்டாம் வாரம், அதற்கும் மேலே ஹிரோசாக்கியில் ஏப்ரல் பிற்பகுதி, ஹொக்கைடோவில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓர் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் பூத்து ஒரே வாரத்தில் உதிர்வதற்குக் காரணம் உண்டு. நகரங்களில் நாம் காணும் மரங்களில் மிகப் பெரும்பாலானவை சொமெய் யொஷினோ என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில், இன்றைய டோக்கியோவின் தொஷிமா வட்டாரத்தில் இருந்த சொமெய் என்ற சிற்றூரின் தோட்டக்காரர்கள் பரப்பிய இந்த வகை, விதையால் அல்லாமல் ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுகிறது. ஆகவே எல்லா மரங்களும் மரபணுவில் ஒன்றுதான். ஒரே வெப்பநிலைக்கு ஒரே மாதிரி விழித்துக்கொள்கின்றன. முதல் மொட்டு விரிந்த ஏறத்தாழ ஒரு வாரத்தில் மரம் முழுதும் மலர்ந்துவிடும். பிறகு ஒரு நல்ல மழையோ காற்றோ அடித்தால் இரண்டே நாளில் தரையெல்லாம் இதழாகிவிடும்.

முன்னறிவிப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஜனவரியிலிருந்து தனியார் வானிலை நிறுவனங்கள் முன்னறிவிப்புகளை வெளியிடத் தொடங்குகின்றன. அரசின் வானிலை முகமை 2010 முதல் முன்னறிவிப்புத் தருவதை விட்டுவிட்டது. பூத்தபின் அறிவிப்பது மட்டுமே அதன் வேலையாக இருக்கிறது. டோக்கியோவுக்கு யாசுகுனி ஆலயத்தில் உள்ள ஒரு மரமே அளவுகோல். அதில் ஐந்தாறு பூக்கள் மலர்ந்திருப்பதை அதிகாரிகள் கண்ணால் எண்ணிப் பார்த்த பிறகே தலைநகரில் வசந்தம் வந்துவிட்டதாக அறிவிப்பு வெளியாகும். அந்த நேரத்தில் மரத்தடியில் தொலைக்காட்சிக் கேமராக்கள் காத்துக் கிடப்பது ஆண்டுதோறும் நடக்கும் காட்சி.

ஜனவரி முன்னறிவிப்பைத் திசை காட்டும் குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள். மார்ச் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வருவது ஓரளவு துல்லியமாக இருக்கும். ஆனால் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் அதற்கு வெகு முன்பே விமான டிக்கெட் எடுத்திருப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

அப்படியானால் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்ப் பூவைப் பார்க்காமல் திரும்ப நேரிடுமே?

ஒரே ஊரில் ஐந்து நாள் தங்கி ஒரே வகை மரத்தை நம்பியிருந்தால் நேரிடும். பயணத்தைப் பல ஊர்களுக்கும், பல உயரங்களுக்கும், பல வகை மரங்களுக்கும் பிரித்து வைத்தால் பெரும்பாலும் நேராது. பல நகரப் பயணத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

சொமெய் யொஷினோவுக்குச் சில நாள் முன்னதாகவே ஷிதாரே எனப்படும் தொங்கு சகுரா பூத்துவிடும். டோக்கியோவின் ரிகுகியென் தோட்டத்திலும், கியோட்டோவின் மாருயாமா பூங்காவிலும் இவ்வகையில் புகழ்பெற்ற பெருமரங்கள் உள்ளன. சொமெய் யொஷினோ உதிர்ந்து ஒன்றிரண்டு வாரம் கழிந்த பின் அடுக்கிதழ் கொண்ட யாயெசகுரா வரும். டோக்கியோவின் ஷின்ஜுகு கியொயென் தோட்டத்தில் ஏப்ரல் நடுவில் இளஞ்சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் இதுவே. ஒசாகாவில் அரசு நாணயச்சாலையின் வளாகப் பாதையை அந்த வகை மரங்களுக்காகவே ஏப்ரலில் ஒரு வாரம் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். கியோட்டோவின் நின்னாஜி கோயிலில் உள்ள ஒமுரோ சகுரா குட்டையான மரம். மற்ற மரங்களை அண்ணாந்து பார்த்தே பழகியவர்களுக்கு இங்கே பூ முகத்துக்கு நேராக நிற்பது வியப்பாக இருக்கும். அது கியோட்டோவில் கடைசியாகப் பூப்பவற்றுள் ஒன்று.

மலைகளும் கைகொடுக்கும். நாரா மாகாணத்தின் தெற்கே உள்ள யொஷினோ மலையில் ஏறத்தாழ 30,000 மரங்கள், பெரும்பாலும் காட்டு வகையைச் சேர்ந்தவை, அடிவாரம் தொடங்கி உச்சிவரை நான்கு தொகுதிகளாக நிற்கின்றன. கீழே உதிரத் தொடங்கும்போது நடுவில் மலர்ந்திருக்கும். நடுவில் உதிரும்போது உச்சியில் மலரும். ஏப்ரல் முதல் பாதியில் எந்த நாளில் போனாலும் மலையின் ஏதோ ஓர் உயரத்தில் பூ கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதேபோல, ஏறத்தாழ அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் மட்சுமோட்டோவும் தக்கயாமாவும் டோக்கியோவுக்குப் பிந்தியே பூக்கின்றன. தக்கயாமாவில் ஏப்ரல் 14, 15 தேதிகளில் நடக்கும் தேர்த்திருவிழாவும் அதே வாரத்தில் வந்து சேரும்.

பன்னிரண்டு நாளில் எத்தனை ஊர்கள்? எந்த வரிசையில்?

ஆறு ஊர்களைப் பார்க்கலாம். ஆனால் ஆறு ஊர்களில் தங்கக் கூடாது. டோக்கியோவில் நான்கு இரவு, கனசாவாவில் இரண்டு, கியோட்டோவில் நான்கு, ஹிரோஷிமாவில் ஒன்று, கடைசி இரவு ஒசாகாவில் என்று வகுத்துக்கொண்டு, நாராவைக் கியோட்டோவிலிருந்து பகல் பயணமாகப் பார்த்துவிடலாம். கியோட்டோவிலிருந்து நாராவுக்கு விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஒசாகாவுக்கு அரை மணி நேரம். ஒவ்வொரு முறை ஹோட்டல் மாறும்போதும் அரை நாள் கரைந்துவிடுகிறது. காலை பத்து அல்லது பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். புதிய அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும்.

விமான டிக்கெட்டை டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பும்படி எடுத்தால் டோக்கியோவுக்குத் திரும்பிவரும் செலவும் நேரமும் மிச்சம். பூ முந்திவிட்டது என்று தெரிந்தால் கியோட்டோவுக்கு ஒதுக்கிய நாள்களில் ஒன்றை யொஷினோவுக்குத் திருப்பிவிடலாம். அதற்காகவே ஒரு நாளை எதுவும் குறிக்காமல் விட்டுவைப்பது என் வழக்கம்.

ஜேஆர் பாஸ் வாங்குவது லாபமா?

ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு நாடு முழுவதும் சுற்ற வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் இந்த அனுமதிச்சீட்டை ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லியிருப்பேன். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. மேலே சொன்ன வழியையே எடுத்துக்கொள்வோம். டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்கு ஷின்கான்சென் எனப்படும் அதிவேக ரயிலின் கட்டணம் சுமார் 14,000, கனசாவாவிலிருந்து கியோட்டோவுக்கு சுமார் 7,000, ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் போய்வர சுமார் 21,000. மொத்தம் 42,000 யென். பாஸ் அதைவிட விலை அதிகம். தவிர, இந்தப் பயணங்கள் அனைத்தும் ஏழு நாள்களுக்குள் அடங்கவும் அடங்காது. ஹிரோஷிமாவையும் அதை அடுத்த மியாஜிமா தீவையும் பார்க்க, ஒசாகா வட்டாரத்தையும் சேர்த்து உள்ளடக்கும் ஐந்து நாள் வட்டாரப் பாஸ் ஒன்று சுமார் 17,000 யென்னுக்குக் கிடைக்கிறது. அது தனித்தனியே டிக்கெட் எடுப்பதைவிட மலிவு.

பழைய வலைப்பக்கங்களில் “ஜேஆர் பாஸ் இல்லாமல் ஜப்பான் போகாதீர்கள்” என்று இன்னும் இருக்கும். எந்த ஆண்டில் எழுதியது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

ஷின்கான்செனில் இருக்கை பதிவு செய்ய வேண்டுமா? பெட்டிகளை எங்கே வைப்பது?

சகுரா காலத்தில் இருக்கை பதிவு செய்துகொள்வதே நல்லது. முன்பதிவு பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்குத் தொடங்கும். டோக்கியோவிலிருந்து நேராகக் கியோட்டோ செல்பவர்கள் சாதாரண வகுப்பில் ஈ (E) வரிசை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். புறப்பட்டு முக்கால் மணி அளவில் ஷின்-ஃபுஜி நிலையத்தை ஒட்டி, வானம் தெளிவாக இருந்தால், அந்த ஜன்னலில் ஃபுஜி மலை தெரியும். முதலில் ஆலைப் புகைபோக்கிகள்தான் வரும். ஏமாந்து கைபேசியைக் கீழே வைத்துவிடாதீர்கள். அவற்றுக்குப் பின்னால் வெள்ளைச் சிகரம் எழுந்து, ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது முழுவதுமாக நின்றுவிட்டு மறையும். கனசாவா வழியாகச் செல்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. அவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: 2024 மார்ச்சில் ஷின்கான்சென் தடம் சுருகா வரை நீண்டதால், கனசாவாவிலிருந்து கியோட்டோ செல்ல இப்போது சுருகாவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, டோக்கியோவிலிருந்து ஒசாகா, ஹிரோஷிமா செல்லும் தடங்களில், பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையைப் பதிவு செய்தாக வேண்டும். நம் குடும்பங்கள் கொண்டுபோகும் பெரிய சூட்கேஸ்களில் பாதி இந்த அளவைத் தாண்டிவிடும். இதற்கு ஜப்பானியர்களே செய்யும் உபாயம் தக்குபின் என்னும் பெட்டி அனுப்பும் சேவை. காலையில் ஹோட்டல் வரவேற்பறையில் ஒப்படைத்தால் பெட்டி பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் ஹோட்டலில் இருக்கும். ஒரு பெட்டிக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் யென் வரை ஆகலாம். ஓர் இரவுக்கான உடையைத் தோள்பையில் வைத்துக்கொண்டு கைவீசிப் போவதன் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் பிறகு விடமாட்டார்கள்.

விசா எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர் குடிமக்களுக்கும், மின்கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியர்களுக்கும் குறுகிய காலச் சுற்றுலாவுக்குத் தேவையில்லை. ஒருமுறை நுழைவு விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதமே செல்லுபடியாகும் என்பதால், ஆர்வத்தில் நவம்பரிலேயே வாங்கிவிட்டால் ஏப்ரலில் அது காலாவதியாகியிருக்கும். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் சுற்றுலா விசா மின்விசாவாக வருகிறது. விமான நிலையத்தில் அதை இணையத்தில் திறந்து நேரடியாகக் காட்ட வேண்டும். அச்சிட்ட தாளும் ஸ்கிரீன்ஷாட்டும் ஏற்கப்படுவதில்லை. ஆகவே செக்-இன் வரிசையில் நிற்கும்போது கைபேசியில் இணைப்பும் மின்னேற்றமும் இருக்க வேண்டும்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கண்ணுக்குத் தெரியும் மீனும் இறைச்சியும் பெரிய பிரச்சினை அல்ல, அவற்றை ஒதுக்கிவிடலாம். சிக்கல் தாஷி என்னும் சாற்றில் இருக்கிறது. நம் தென்கடற்கரையிலும் இலங்கையிலும் சூரை மீனைக் காயவைத்து மாசிக் கருவாடு செய்வதுபோல, ஜப்பானியர்கள் அதே மீனைப் புகையூட்டி, மரக்கட்டைபோல இறுகவைத்து, சீவலாகச் சீவுகிறார்கள். அந்தச் சீவலைக் கொதிநீரில் போட்டு வடித்த சாறுதான் மிசோ சூப்பிலும், நூடுல்ஸ் குழம்பிலும், குளிர்ந்த சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றிலும், வேகவைத்த காய்கறியிலும்கூட இருக்கும். கேட்டால் “மீன் இல்லை” என்றே பணியாளர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது மீனாகத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். கடைகளில் விற்கும் ஜப்பானியக் குழம்புக் கட்டியிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருப்பது வழக்கம். எனவே “காய்கறிக் குழம்பு” என்ற பெயரை நம்ப வேண்டாம்.

“நிக்கு மோ, சகானா மோ, தாஷி மோ தபேமாசென்” என்று சொன்னால் இறைச்சி, மீன், மீன்சாறு எதுவும் உண்பதில்லை என்பது விளங்கும். அதையே ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கைபேசியில் வைத்திருங்கள். கொன்பினி எனப்படும் இருபத்துநான்கு மணி நேரக் கடைகளில் உப்பிட்ட உமே பழம் வைத்த சோற்றுருண்டை ஓரளவு பாதுகாப்பானது. அதிலும் பொருள் பட்டியலைக் கைபேசியால் மொழிபெயர்த்துப் பார்த்துவிடலாம். கியோட்டோவிலும் நாராவிலும் புத்த மடாலய மரபில் வந்த ஷொஜின் ரியோரி என்னும் சைவ விருந்து கிடைக்கும். முன்பதிவு வேண்டும், விலையும் அதிகம், ஆனால் பயணத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து உண்ணத் தகுந்தது. டோக்கியோவில் இந்தியர் பலர் வாழும் நிஷி-கசாய் பகுதியில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போன்றவற்றைக் கொண்டுபோகலாம். பழம், பச்சைக் கறிவேப்பிலை, அரிசி ஆகியவற்றைத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் எடுத்துச்செல்லக் கூடாது. இறைச்சி கலந்த பண்டம் எதுவும் கூடாது. சூடான வெறும் சோறு கொன்பினியில் பொட்டலமாகக் கிடைக்கும். பொடியும் அதுவும் சேர்ந்தால் இரவு உணவு முடிந்தது.

குளிர் எப்படி இருக்கும்?

டோக்கியோவில் மார்ச் இறுதியில் பகலில் 15 டிகிரியை ஒட்டியும் விடியற்காலையில் 6 அல்லது 7 டிகிரியாகவும் இருக்கும். பூத்திருக்கும் நாள்களில் திடீரென்று திரும்பிவரும் குளிருக்கு ஹனாபியே, அதாவது பூக்குளிர், என்றே ஜப்பானிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அடுக்கடுக்காக உடுத்திக்கொள்ளுங்கள். கனசாவாவுக்குக் குடை அவசியம். கோயில்களிலும் சில உணவகங்களிலும் காலணியைக் கழற்ற வேண்டியிருப்பதால் ஓட்டை இல்லாத காலுறையும் அவசியம்.

கியோட்டோவில் கூட்டத்தைச் சமாளிப்பது எப்படி?

விடியலில் எழுந்துகொள்வதைவிட நல்ல வழி எதுவும் இல்லை. ஃபுஷிமி இனாரி ஆலயம் இரவும் பகலும் திறந்தே இருக்கும். காலை ஆறு மணிக்கு அந்தச் செந்நிறத் தோரண வாயில்களின் அடியில் காலடி ஓசை கேட்கும் அளவுக்கு அமைதி இருக்கும். பத்து மணிக்கு அதே இடத்தில் அசைய முடியாது. கால்வாயை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் நீளும் தத்துவஞானியின் பாதைக்கும் இதே அறிவுரைதான். நகரப் பேருந்துகள் வசந்தத்தில் பிதுங்கி வழியும். சுரங்க ரயிலில் அருகில் போய் இறங்கி மீதியை நடப்பதே விரைவு.

கியொன் பகுதியின் தனியார் சந்துகளில் நுழைவதற்கு 2024 முதல் தடை உள்ளது. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கெய்கோ, மைகோ எனப்படும் மரபு நடனக் கலைஞர்களைத் தெருவில் துரத்திப் படமெடுத்த பயணிகள்தான் இந்த நிலைக்குக் காரணம். அந்தக் கலைஞர்களின் நடனத்தைப் பார்க்க விரும்பினால், 1872இல் தொடங்கி ஏப்ரலில் நடந்துவரும் மியாகோ ஒதோரி நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்து மரியாதையாக உட்கார்ந்து பார்க்கலாம்.

நாராவுக்கு ஒரு பகல் போதுமா?

தொதாய்ஜி கோயிலுக்கும் மான் பூங்காவுக்கும் போதும். பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் திரிகின்றன. அவற்றுக்கென விற்கும் அரிசித் தவிட்டு அப்பளத்தைக் கையில் எடுத்ததும் தலையைத் தாழ்த்தி வணங்கும். ஒருமுறை வணங்கியும் கொடுக்கத் தாமதித்தால் சட்டையைக் கவ்வி இழுக்கும். சிறு குழந்தையின் கையில் மொத்தக் கட்டையும் கொடுத்துவிடாதீர்கள்.

தொதாய்ஜி கோயிலின் உள்ளே அமர்ந்திருக்கும் ஏறத்தாழப் பதினைந்து மீட்டர் உயர வெண்கலப் புத்தருக்கு 752ஆம் ஆண்டு கண்திறப்புச் சடங்கு நடந்தது. தூரிகையைப் பிடித்துக் கருவிழியை வரைந்தவர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. அந்தத் தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு சடங்கில் பங்கேற்றார்கள். இதைத் தெரிந்துகொண்டு அண்ணாந்து பார்த்தால் சிலையின் கண்கள் வேறு மாதிரி தெரியும்.

ஹிரோஷிமாவுக்கு ஒரே நாளில் போய்வர முடியாதா?

முடியும், ஆனால் வேண்டாம். அமைதி நினைவு அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்த பிறகு உடனே அடுத்த இடத்துக்கு ஓட மனம் வராது. ஆற்றங்கரையில், அணுகுண்டில் சிதைந்த மண்டபத்துக்கு எதிரே, சகுரா மரங்களின் கீழ் சற்று நேரம் உட்காரத் தோன்றும். மறுநாள் காலை மியாஜிமா தீவுக்குப் பத்து நிமிடப் படகில் போகலாம். கடலில் நிற்கும் இட்சுகுஷிமா தோரணத்தை ஓதம் ஏறியிருக்கும்போது பார்ப்பது ஓர் அழகு. வற்றியிருக்கும்போது சேற்றில் நடந்து அதன் தூணருகே போவது வேறோர் அனுபவம். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

ஹனாமி என்பதே அதுதான். டோக்கியோவின் உவெனோ பூங்காவில் நீலத் தார்ப்பாயை விரித்து, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரைக் காலையிலேயே இடம் பிடிக்க அனுப்பிவிடுவார்கள். ஷின்ஜுகு கியொயெனில் மது கூடாது. நுழைவாயிலில் பையைச் சோதிப்பார்கள். கிளையை வளைத்துப் படம் எடுப்பதும், மரத்தை உலுக்கி இதழ் கொட்டவைப்பதும் அங்கே மிகவும் அநாகரிகமாகக் கருதப்படும். குப்பைத்தொட்டி எளிதில் கண்ணில் படாது. ஒரு பையை வைத்திருந்து குப்பையை அறைக்கே கொண்டுபோக வேண்டும்.

பணமா, கார்டா?

இரண்டும் தேவை. சிறு உணவகங்களும் கோயில்களும் பெரும்பாலும் ரொக்கமே கேட்கும். கொன்பினி ஏடிஎம்களில் வெளிநாட்டு கார்டுகள் வேலை செய்யும். உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் சுய்கா போன்ற தொடு அட்டை ஒன்றை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். ஐபோனில் அதை ஏற்றிக்கொள்ள முடியும். ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக முடியாது.

பள்ளி விடுமுறை எங்களுக்கு ஏப்ரல் கடைசியில்தான் தொடங்குகிறது. அப்போது போவதில் பயன் உண்டா?

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலருக்கும் இதே நிலைதான். ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரை அரசு விடுமுறைகள் நெருங்கி வரும் கோல்டன் வீக்கில் ஜப்பான் முழுவதும் வீட்டை விட்டுக் கிளம்பிவிடும். அறை வாடகை எகிறும். அந்நாள்களில் டோக்கியோ–ஒசாகா தடத்தின் மிக விரைவான நொசொமி ரயில்களில் பதிவில்லாத இருக்கையே கிடையாது. அதற்கு முந்தைய வாரத்தைப் பிடிக்க முடிந்தால் வடக்கே போங்கள். டோக்கியோவிலிருந்து ஷின்-அஓமோரி வரை ஷின்கான்செனில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து சாதாரண ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஹிரோசாக்கி வந்துவிடும்.

அந்த ஊர்க் கோட்டைப் பூங்காவில் ஏறத்தாழ 2,600 சகுரா மரங்கள் உள்ளன. ஆப்பிள் விளையும் மாகாணம் என்பதால், ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்யும் முறையையே சகுராவுக்கும் கையாண்டு, 1882இல் நட்ட சொமெய் யொஷினோவை இன்னும் பூக்கவைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் இதழ் உதிர்ந்துவிட்டால் கதை முடிந்தது என்பார்கள். இங்கே உதிர்ந்த பிறகுதான் பலர் வருகிறார்கள்: வெளி அகழியின் தண்ணீர் தெரியாமல் கரைக்குக் கரை இளஞ்சிவப்பு இதழ் மூடி, காற்று தள்ளும் பக்கம் மெல்ல ஒதுங்கி, மறுபடியும் பரவும். பூத்து முடிந்த செய்தி வந்ததும் பயணத்தை ரத்துசெய்துவிடாமல், அடுத்த மூன்று நான்கு நாள்களுக்குள் போய்ச் சேரப் பாருங்கள்.